இரண்டு ஊர் உப்பு

1

இந்த மே மாதம் ஆரணியில் இருந்த மூன்று வாரமும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே ஜப்பான்காரர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்களாமே, அப்படி என்னதான் சாப்பிடுகிறார்கள்? ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட்டார்கள். பஸ் நிலையத்தில் கேட்டார்கள். எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியை ஒருவர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, எழுதிக்கொள்ளவே தயாராகிவிட்டார். மீன், கடற்பாசி, சோயா, பச்சைத் தேநீர் என்று ஒப்பித்துவிட்டு நகர்ந்தேன்.

சொன்னது பொய் இல்லை. ஆனால் நாங்கள் குடியிருக்கும் நகானோ மலைப்பக்கத்தில் நேற்று வரை ஆட்களை அள்ளிக்கொண்டு போனது மூளையில் ரத்தக்குழாய் வெடித்தோ அடைத்தோ விழுகிற நோய்தான் என்பதை நான் சொல்லவில்லை. நம் ஊரில் வாதம் என்போமே, அதுதான். வயிற்றுப் புற்றும் அங்கே அதிகம். இரண்டுக்கும் காரணமாக அவர்களே முதலில் சொல்வது உப்பு. அடுத்ததாகத்தான் பனிக்காலத்துக் குளிரைச் சொல்கிறார்கள். கடல் இல்லாத ஊர். ஆறு மாதத்துக்கான கீரையையும் முள்ளங்கியையும் உப்பில் போட்டு வைத்துச் சாப்பிட்டே வாழ்ந்தவர்கள். அந்த ஊரில் உப்பைக் குறைத்தார்கள். குறைத்த பிறகுதான் வயது கூடியது.

இதைச் சொல்லத் தொடங்கினால் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். சர்ச் வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

2

என் கணவர் ஆரணியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பட்டு வளர்ச்சித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, நூல் எடுக்கும் இயந்திரத்தில் பயிற்சி பெற ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, பிறகு அந்த இயந்திரத்தைச் செய்கிற தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர். நானும் மகள் பியூலாவும் பின்னால் வந்தோம். அப்போது அவளுக்கு இரண்டு வயது. இப்போது நான்கரை. தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் வரும்.

என் கணவரின் அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். அவரை வளர்த்தது அண்ணி, ஞானம் அக்கா. கல்யாணமாகி வந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, கொழுந்தனாருக்குப் பதிமூன்று. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டது அந்தக் கைதான். அக்காவின் கணவர், எங்கள் பெரியவர், நாற்பத்தொரு வயதில் ஒரு நாள் காலை தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே பாவு நூலின் மேல் சாய்ந்தார். வேலூருக்கு வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய அப்பாவும் அதே வயதில், அதே மாதிரிதான் போனாராம்.

"எங்க வீட்டு ரத்தம் அப்படி," என்பார் என் கணவர். "அப்பாவுக்கு வந்துச்சி, அண்ணனுக்கு வந்துச்சி. எனுக்கு வரும்போது வரும்." இதை மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொல்வார். அவருக்கு முப்பத்து மூன்று.

தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் உடல் பரிசோதனை உண்டு. போன ஆண்டு வந்த தாளில் சிவப்பு முத்திரை ஒன்று இருந்தது. எனக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. இவர் "ஒண்ணியும் இல்ல" என்று மடித்து வைத்தார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மியாசாகா அம்மாவிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு உள்ளே பார்த்தார். உள்ளே அவர் கணவர், வாதத்தில் வலக்கை மடங்கிப்போன மனிதர், இடக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிவதற்காக அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: ரத்த அழுத்தம். இன்றிலிருந்து உங்கள் வீடும் என் பட்டியலில் இருக்கிறது.

3

பட்டியல் என்பதை விளக்க வேண்டும். எங்கள் நகரில் ஒவ்வொரு வார்டிலும் இல்லத்தரசிகள் முறை வைத்து இரண்டு ஆண்டு சுகாதாரத் தொண்டு செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. நகராட்சிச் செவிலி இவர்களுக்குப் பாடம் நடத்துவார். இவர்கள் தங்கள் தெருவுக்கு நடத்துவார்கள். அந்த ஆண்டு எங்கள் தெருவுக்கு மியாசாகா அம்மா. கையில் பேனா அளவுக்கு ஒரு கருவி. அதன் நுனியைச் சூப்பில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். வீடு வீடாகப் போய்க் காலை உணவுக்கு வைக்கிற, உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப்பை அளந்து தாளில் எழுதுவார்.

எந்தக் கிழமை வருவார் என்று முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. தேர்வுக்குத் தேதி சொன்னால் படித்துவிட்டுப் போகிறவள் நான்.

எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்கிறேன். காலையில் மிசோ சூப்பு. அதைக் கற்றுக் கொடுத்தது மியாசாகா அம்மா. கற்றுக் கொடுத்ததை வைக்காவிட்டால் மரியாதையில்லை என்று வைத்தேன். பனிக்காலம் வந்தால் அவரே ஒரு தொட்டி உப்புக் கீரையைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் யார் வந்தாலும் தேநீரோடு அதைத் தட்டில் வைப்பது அந்த ஊர் வழக்கம். வேண்டாம் என்றால் மனம் நோகும். ராத்திரிக்கு நம் சாப்பாடு. இந்தியாவுக்கு இயந்திரம் பூட்டப் போகிற தொழிற்சாலை ஆட்களிடம் அக்கா பொட்டலம் கொடுத்து அனுப்புவார். கோட்டு போட்ட ஜப்பானிய என்ஜினியர்கள் கருவாட்டைப் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்து எங்கள் வாசலில் குனிந்து வணங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், நெத்திலி. கூடவே கடிதம்: "ஃபோட்டோவுல தம்பி எளச்சி போயிகீறாரு. அந்த ஊர்ல வாய்க்கு ருசியா இன்னா கெடைக்கும்?"

அக்கா அனுப்பியதை வைக்காவிட்டால் அதுவும் மரியாதையில்லை. இரண்டு ஊருக்கும் நல்லவளாக இருந்தேன். ஒரே வயிற்றில் இரண்டு ஊர் உப்பையும் போட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகத்தான் தெரிந்தது.

அளக்கிற நாள் காலையில், வாசல் மணி அடித்ததும், கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் ஒரு குவளை வெந்நீர் ஊற்றினேன். மியாசாகா அம்மா கருவியை முக்கினார், இரண்டு முறை பார்த்தார், கைதட்டினார். அடுத்த வாரம் வார்டுப் பொதுக் கூடத்தின் சுவரில் தாளை ஒட்டியிருந்தார்கள். தெருவிலேயே உப்புக் குறைந்த வீடு, இந்தியாவிலிருந்து வந்த வீடு. அதற்குக் கீழே ஒரு செர்ரிப் பூ ஸ்டிக்கர். எதிரே வந்த பெண்களெல்லாம் என்னிடம் செய்முறை கேட்டார்கள். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

4

ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபரிசோதனை. கணவரின் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இந்த முறை முத்திரையோடு ஒரு கடிதமும் வந்தது. தொழிற்சாலை மருத்துவர் நகராட்சிக்கு எழுத, நகராட்சிச் செவிலி இமாய் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே மியாசாகா அம்மா, முகத்தில் குழப்பத்தோடு. இந்த வீட்டில் தவறு இருக்க முடியாது என்று செவிலியிடம் எனக்காக வாதாடினார். உப்புக் குறைப்பில் எங்கள் தெருவிலேயே முதல் வீடு இது என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தேநீர் ஊற்றினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, எந்த வினைச்சொல்லைப் போடுவது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பியூலா, பிசிறில்லாத ஜப்பானிய மொழியில், அன்றைக்கு அம்மா வெந்நீர் ஊற்றினாள், மற்ற நாளில் ஊற்றுவதில்லை என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. பெரியவர்கள் தேடுகிற பொருளை எடுத்துக் கொடுத்த மாதிரி சொன்னாள்.

மியாசாகா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்கு முன்பிருந்த தொண்டர் வந்தபோது நானும் ஊற்றினேன் என்றார். செவிலி பெருமூச்சு விட்டார். எல்லா வீட்டிலும் அன்று ஒரு நாள் சூப்பு தண்ணீராகத்தான் இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பொய்யைச் சுவரில் ஒட்டி, பூ ஸ்டிக்கரும் வைத்து, அதை நம்பி இந்த ஆறு மாதமும் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆறு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது? பொய்யைத் தொடங்கியவள் நான்தான் என்பதால் கேட்கவும் வாய் இல்லை.

குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம். அண்ணன், அப்பா என்று சொல்லிவிட்டு, ரத்தம் அப்படி, என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். இமாய் அம்மா படிவத்தைத் திருப்பி அதன் பின்பக்கம் மூன்று வட்டம் வரைந்தார். ஒன்று ஜப்பான். ஒன்று ஹவாய். ஒன்று அமெரிக்கா. ஜப்பானிலிருந்து பிழைக்கப் போய் அங்கே தங்கிவிட்டவர்களைப் பெரிய மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்களாம். ரத்தம் ஒன்றுதான். ஆனால் அங்கே போனவர்களிடம் வாதம் குறைந்திருக்கிறது. அங்குள்ள மாட்டிறைச்சியும் கொழுப்பும் சேர்ந்ததில் மாரடைப்பு கூடியிருக்கிறது. ஊர் மாறினால், அடுப்பு மாறினால், சாவும் மாறுகிறது. ரத்தத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் ரத்தம் மட்டும் அல்ல என்றார்.

அந்த மூன்று வட்டத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் விட்டுவிட்டுப் போனதை நான் வந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் விட்டு வந்திருக்க வேண்டியதைப் பெட்டியில் வரவழைத்துக்கொண்டிருக்கிறேன். நான்காவதாக ஒரு வட்டம் போட்டால் எங்களை எங்கே வைப்பது?

செவிலி போகும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தார். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் உடம்புக்குள் போன உப்பு தெரிந்துவிடும். அதில் வெந்நீர் ஊற்றினால் எனக்குத் தெரியும் என்று சொல்லி முதல் முறையாகச் சிரித்தார். என் கணவர் அந்தப் பாட்டிலைத் துணிப்பையில் சுற்றித் தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் வந்த ஒரு நாளில் என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். முடிவு வந்தது. மடங்கிய கையோடு உட்கார்ந்திருக்கும் மியாசாகா ஐயாவுக்கு இதே சோதனையில் வந்ததைவிட என் கணவர் உடம்பில் உப்பு அதிகம்.

ஆனால் ஒரு மாதமாக நான் சூப்பில் மிசோவைப் பாதியாக்கியிருந்தேன். ஊறுகாயை மேஜையில் வைப்பதே இல்லை. இன்னும் எங்கிருந்து வருகிறது? கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டார். அக்காவின் மாங்காய் ஊறுகாய் ஜாடி தொழிற்சாலையில் அவருடைய அலமாரியில் இருந்தது. மதியம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சிய உப்புச் சாற்றையும் குடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு துண்டு.

"அண்ணி குடுத்தத எப்புட்றி கொட்டறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

5

இந்த மே மாதம் மூவரும் ஆரணி போனபோது மியாசாகா அம்மாவிடம் கேட்டு அந்தக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கடிதத்தில் எழுத முடியாததை நேரில் சொல்லிவிடலாம், இனி ஊறுகாய் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். எதற்கும் சான்று இருந்தால் நல்லது என்று நினைக்கிற புத்தி எனக்கு.

அக்கா இப்போது இரண்டு தறி வைத்து நடத்துகிறார். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் நான்கு வீட்டுக்கு வேலை கொடுக்கிறார். காலையில் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பதால் சமையல் எல்லாம் ஜல்தி. ஒரு குழம்பு, ஒரு கருவாடு. போன மூன்றாம் நாள் மதியம், அக்கா கரண்டியோடு திரும்புவதற்குள் குழம்பில் கருவியை முக்கினேன்.

"இன்னா அது, ஜொரமானி மாதிரி? எங் கொழம்புக்கு ஜொரமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, இது உப்பு பார்க்கிற மிஷின் என்றேன். எண் வரவில்லை. அந்தக் கருவியின் அளவைத் தாண்டினால் வெறும் கோடுகள்தான் மினுக்கும். கோடுகள் மினுக்கின.

"இன்னா சொல்லுது உங்க ஊரு மிசினு?"

இங்கேதான் நான் தப்பு செய்தேன். அக்காவுக்கு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். மூன்று வட்டங்களையும் சொன்னேன். ஹவாயைச் சொன்னேன். பெரியவரும் மாமாவும் போனது ரத்தத்தால் மட்டும் இல்லை, அதனால் பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சாப்பாட்டை மாற்றினால் போதும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நிம்மதியாக இருந்தது.

அக்கா கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்தார்.

"அப்ப அவுருக்கு ஆக்கிப் போட்டது நானு."

அப்படி இல்லை என்றேன். அவர் பீடி பிடிப்பார், அதுவும் காரணம். நாளெல்லாம் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்த உடம்பு. ரத்தத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் அந்தச் செவிலியும் சொன்னார். இந்த மிஷின் அவர்கள் சூப்புக்குச் செய்தது, நம் புளிக்குழம்பு இதற்குத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நீ படிச்சவ," என்றார் அக்கா. "ஒரு வாட்டி சொன்னத திருப்பித் திருப்பி மாத்தாத."

அதற்குப் பிறகு இருந்த இரண்டரை வாரமும் அவர் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். வேளைக்குச் சோறு வந்தது. குழம்பு வந்தது. ஊறுகாய் மட்டும் வரவில்லை. என் கணவர் என்னிடம் கேட்டார், இதைச் சொல்லவா ஏரோப்பிளேன் ஏறி வந்தே என்று. பியூலா கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்து ஸ்பூன் கேட்டாள். ரசத்தை அம்மாவின் மிசோ சூப்பு என்றாள். அக்கா அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

கிளம்பும் நாள் பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு துணி மூட்டையைக் கொடுத்தார். "ஊறுகா வெக்கல," என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

6

டோக்கியோ விமான நிலையச் சுங்க மேஜையில் அந்த மூட்டையை அவிழ்த்தார்கள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. அடியில் நோட்டுத் தாளில் மடித்து, தறி நூலால் இறுக்கிக் கட்டிய சின்னப் பொட்டலம். அதிகாரி கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். வெள்ளையாக இருந்தது. என்ன இது என்றார். உப்பு என்றேன். ஜப்பானிலும் உப்பு இருக்கிறது என்றார். தெரியும் என்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். இங்கே உப்பு விற்கிற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். மேலதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். எவ்வளவு, எதற்காக என்று கட்டங்கள். முக்கால் மணி நேரம். பியூலா என் மடியில் தூங்கிவிட்டாள். தாளில் ஏதோ எழுதியிருக்கிறதே, என்ன என்று கேட்டார்கள். அக்காவின் கையெழுத்தை அப்போதுதான் பார்த்தேன்.

"பொடில உப்பு போடல. உப்ப தனியா மடிச்சிகிறேன். எவ்ளோன்னு உங்க மிசினக் கேட்டு போட்டுக்க."

சமையல் குறிப்பு என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பருப்புப் பொடியைத் தட்டில் கொட்டி உப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தக் கருவி பொடியை அளக்காது. தண்ணீராக இருந்தால்தான் அளக்கும். மூன்று விரலால் எடுத்தேன், பாதியைத் திரும்பப் போட்டேன். அப்படி நின்றபோதுதான் உறைத்தது. கணவரை அளந்தாயிற்று. அவர் சிறுநீரை அளந்தாயிற்று. சூப்பு, குழம்பு, செத்துப்போன இருவரின் வயது, எல்லாம் அளந்தாயிற்று. இருபது வருடமாக அதே பாத்திரத்திலிருந்து கடைசியாக வழித்துச் சாப்பிடுகிறவர் அக்கா. பிள்ளைகளுக்கு அவர் ஒருத்திதான் இருக்கிறார். அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரம் அங்கே இருந்தேன். சர்க்கார் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

அன்றே ஏர் லெட்டர் எழுதினேன். நான்கு தடவை கிழித்தேன். மன்னிப்புக் கேட்கிற வரி எல்லாம் பொய்யாகத் தெரிந்தது, எடுத்துவிட்டேன். பொடி நன்றாக இருந்தது, உப்பு பாதி போட்டேன், தம்பி சாப்பிட்டார், நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் பார்த்து எண்ணை எழுதுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

முந்தாநாள் பதில் வந்தது. உறைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு மடித்து வைத்திருந்தது. எண் அதிகம்தான். கொஞ்சமாக இல்லை, நன்றாகவே அதிகம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெரிய மகள் வேளைக்கு எடுத்துக் கொடுக்கிறாளாம். குழம்பில் உப்பு குறைத்ததில் தறிக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். "பேஜார்தான். ஆனா பழகிகினு வர்றாங்கோ" என்று எழுதியிருந்தார். கடைசி வரி தனியாக இருந்தது.

"நான் பாத்துட்டேன். உனுக்கு எவ்ளோ? நீ எழுதலியே."

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். மியாசாகா அம்மா கதவைத் திறந்தார். உங்கள் கணவருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார். அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினேன்.